முளை விடும் மூன்று வாரம்

மே மாத நடுவில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மக்காச்சோளம் முளைக்கத் தொடங்கும். எல்லாம் இயந்திரம் போட்ட விதை. வரிசைக்கு வரிசை சுமார் 75 சென்டிமீட்டர், வரிசைக்குள் விதைக்கு விதை சுமார் 15 சென்டிமீட்டர், ஏக்கருக்கு 30,000 விதைக்குக் குறையாது. பச்சை தலைகாட்டியதும் பக்கத்துச் சதுப்பிலிருந்து இரண்டு பறவைகள் வயலுக்குள் நடந்து வருகின்றன. ஒரு மீட்டருக்கு மேல் உயரம், சாம்பல் நிற உடல், நெற்றியில் இறகில்லாத சிவந்த தோல். முதல் முளையின் அடியில் அலகை இறக்கி, மண்ணுக்குள் கிடக்கும் விதையை எடுத்து விழுங்குகின்றன. முளை வெளியே வாடிக் கிடக்கிறது. அடுத்த விதையைத் தேட வேண்டியதே இல்லை. நேர்கோட்டில் ஓரெட்டு வைத்தால் அங்கே இருக்கிறது. விதைத்த இயந்திரமே பறவைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டது.

இவை சாண்ட்ஹில் கொக்குகள். நம் நெல்வயலில் தவளைக்குக் காத்து நிற்கும் வெள்ளைக் கொக்குக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. வட இந்திய வயல்களில் ஜோடியாகத் திரியும் சாரசுக் கொக்கின் பங்காளிகள் இவை. இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் 15 இனங்கள் உண்டு. எண்ணிக்கையில் முதலிடம் சாண்ட்ஹில்லுக்குத்தான். விஸ்கான்சின் உழவருக்கு இது வசந்தம்தோறும் வந்து நிற்கும் ஒரு செலவு. வேட்டைக்காரர் இதை 'வானத்து ரிப்ஐ' என்கிறார். மாட்டிறைச்சியில் விலையுயர்ந்த துண்டின் பெயர் அது. பறவை ஆர்வலருக்கு இது அழிவின் வாசல்வரை போய்த் திரும்பி வந்த இனம். இந்த மூவரும் மாநிலச் சட்டமன்றத்தில் பல ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். கொக்கு வேட்டைக்கு அனுமதி தரலாமா என்பதே வழக்கு.

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. சுட்டால் இனம் தாங்குமா? சுட்டால் பயிர் பிழைக்குமா? இரண்டுக்கும் அறிவியலிடம் விடை உண்டு. ஆனால் ஒன்றின் விடையை எடுத்து மற்றொன்றில் ஒட்ட முடியாது. விவாதம் தொடர்ந்து குழம்புவதற்குக் காரணம், அப்படி ஒட்டப் பார்ப்பதுதான்.

இருபத்தைந்து ஜோடி

19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் விஸ்கான்சினின் சதுப்புகளை வடித்து நிலமாக்கினார்கள். கண்ணில் பட்ட கொக்கைச் சுட்டுத் தின்றார்கள். 1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவைகளைக் காக்க ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1918இல் அது அமெரிக்காவில் சட்டமானது. கொக்கு வேட்டை நின்றது. ஆனால் அதற்குள் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. 1930களின் நடுவில் எடுத்த கணக்கெடுப்பின்படி விஸ்கான்சினில் எஞ்சியவை சுமார் 25 ஜோடி.

அந்த ஆண்டுகளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆல்டோ லியோபோல்ட் வேட்டை விலங்கு மேலாண்மையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். சதுப்பையும் கொக்கையும் பற்றி 1937இல் அவர் எழுதிய கட்டுரை கிட்டத்தட்ட ஓர் இரங்கற்பா. கொக்கு பிழைக்கும் என்ற நம்பிக்கை அதில் அதிகமில்லை. இன்று வேட்டையை எதிர்ப்பவர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆதரிப்பவர்களும் சொல்கிறார்கள். இரு பக்கத்துக்கும் உரிமை உண்டு. கொக்குக்காக வருந்திய அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க வேட்டைக்காரராகவும் இருந்தவர். அந்தத் துறையின் முதல் பாடநூலை எழுதியவரும் அவரே.

அவர் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. வடித்த சதுப்புகள் பல இடங்களில் உழவுக்கு உதவாமல் போயின. கரிமண் காய்ந்து தீப்பிடித்தது, உறைபனி பயிரைக் கொன்றது, பொருளாதார மந்தத்தில் குடும்பங்கள் நிலத்தைக் கைவிட்டன. அரசு அந்த நிலங்களை வாங்கி வாய்க்கால்களை அடைத்து மீண்டும் நீர் தேக்கியது. சுடுவோரும் இல்லை, கூடு கட்ட இடமும் கிடைத்தது. மூன்றாவதாக ஓர் உதவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது: அறுவடை இயந்திரம் சிந்திவிட்டுப் போகும் மக்காச்சோளம். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வலசை வழியிலும் அது கொக்கின் முதன்மை உணவானது. பெரிய ஏரிகளைச் சுற்றி வாழும் கிழக்குக் கூட்டம் இன்று 1 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இந்த இனத்தைத் தூக்கி நிறுத்தியதில் உழவரின் மக்காச்சோளத்துக்கும் பங்குண்டு என்பதால்தான் இந்த வழக்கு சிக்கலானது. இலையுதிர் காலத்தில் சிந்திய மணியைத் தின்னும்போது கொக்கு யாருக்கும் நட்டம் செய்வதில்லை. மே மாதத்தில் அதே தானியத்தை, அதே வயலில், அதே அலகால் எடுக்கும்போது அது திருட்டாகிறது.

விதை தீரும்வரை

விதைக்குள் இருக்கும் மாவுச்சத்துதான் கொக்குக்கு வேண்டும். பச்சை முளை அதற்கு விதை இருக்குமிடத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே. முளைத்த செடி தன் இலையால் சமைத்து உண்ணத் தொடங்கும்வரை அந்தச் சேமிப்பில்தான் வாழ்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் சேமிப்பு தீர்ந்துவிடும், வேரும் பிடித்துவிடும். அதற்குப் பிறகு பிடுங்கினாலும் கொக்குக்கு ஒன்றும் கிடைக்காது, எனவே விட்டுவிடுகிறது. வசந்தம் முதல் இலையுதிர் காலம்வரை வயலில் கொக்கைப் பார்க்கலாம். ஆனால் மக்காச்சோளத்துக்கு ஆபத்து இந்த மூன்று வாரம்தான்.

சேதம் எல்லா வயலிலும் சமமாக விழுவதுமில்லை. கொக்கு ஆழமற்ற சதுப்பில் கூடு கட்டும். இரண்டு முட்டை, அடைகாக்கச் சுமார் 30 நாள். அந்தக் காலத்தில் ஜோடி தன் எல்லையை விட்டு அதிக தூரம் போகாது. சதுப்பை ஒட்டிய வயலே அதன் சாப்பாட்டுக் கூடம். இன்னும் ஜோடி சேராத இளம் பறவைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவை கூட்டமாக அலைந்து, பிடித்த வயலில் இறங்கும். ஒரு மாவட்டத்தில் நூறு உழவர் இருந்தால் பெரும்பாலோருக்குக் கொக்கு வேடிக்கைப் பொருள். ஒரு சிலருக்கு மட்டும் ஏக்கர் கணக்கில் வரிசை காலி. அவர்கள் மறுவிதைப்புச் செய்ய வேண்டும். விதைக்கும் டீசலுக்கும் இரண்டாம் முறை செலவு. தள்ளிப்போன விதைப்பில் விளைச்சலும் குறையும். மாநில அளவில் சராசரி எடுத்தால் கொக்கு பெரிய பகையாகத் தெரியாது. ஆனால் சராசரி யாருடைய வயலிலும் விளைவதில்லை. 'மொத்தச் சேதம் சொற்பம்தானே' என்று நகரத்திலிருந்து வரும் சமாதானம் சதுப்போரத்து உழவரை எரிச்சலூட்டுவதற்குக் காரணம் இதுதான்.

முதல் கேள்வி: இனம் தாங்குமா?

வேட்டைக்கு உட்பட்ட பறவைகளைப் பற்றிய அறிவியலில் ஓர் அடிப்படைக் கருத்து உண்டு. 1976இல் டேவிட் ஆண்டர்சனும் கென்னத் பர்ன்ஹாமும் காலில் வளையமிட்டு விட்ட மல்லார்டு வாத்துகளின் தரவுகளை அலசி அதைக் கூர்மையாக்கினார்கள். வேட்டையில் இறந்த வாத்து, வேட்டை இல்லாவிட்டால் குளிர்காலத்தில் பசியாலோ நோயாலோ எப்படியும் இறந்திருக்கக்கூடும். அப்படியானால் வேட்டைச் சாவு, இயற்கைச் சாவுக்கு ஈடாகிவிடுகிறது. வசந்தத்தில் எஞ்சும் எண்ணிக்கை மாறுவதில்லை. மாறாக, வேட்டைச் சாவு இயற்கைச் சாவின்மேல் கூடிக்கொண்டே போனால் எண்ணிக்கை சரியும்.

எந்த இனம் எந்தப் பக்கம் என்பதை அதன் வாழ்க்கை முறை தீர்மானிக்கிறது. மல்லார்டு ஒரு வயதிலேயே முட்டையிடும். ஒரு கூட்டில் எட்டுக்கு மேல் முட்டை. பாதி செத்தாலும் மீளும். சாண்ட்ஹில் கொக்கு நேர் எதிர். இனப்பெருக்கம் தொடங்கவே பல ஆண்டுகள் ஆகும். இடுவது இரண்டு முட்டை. பறக்கும்வரை பிழைப்பது பெரும்பாலும் ஒரு குஞ்சு, பல ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஆனால் வளர்ந்த பறவை எளிதில் சாகாது. 30 வயதைக் கடந்த காட்டுக் கொக்குகள் பதிவாகியிருக்கின்றன. இயற்கைச் சாவு குறைவு என்றால் வேட்டைச் சாவை ஈடுகட்ட இடமும் குறைவு. வட அமெரிக்காவில் வேட்டையாடப்படும் பறவைகளிலேயே ஆண்டுக்கு மிகக் குறைந்த வீதத்தில் புதுத் தலைமுறையைச் சேர்ப்பது இதுதான் என்பது துறையில் ஒப்புக்கொண்ட செய்தி.

இதைக் கேட்டதும், வேட்டை கூடவே கூடாது என்று முடிவுக்கு வரத் தோன்றும். தரவு அப்படிச் சொல்லவில்லை. 1961இல் டெக்சஸ், நியூ மெக்சிகோ மாநிலங்களில் கொக்கு வேட்டை மீண்டும் தொடங்கியது. பின்னர் சமவெளி மாநிலங்களில் பரவியது. அறுபது ஆண்டுக்கு மேல் வேட்டையாடியும் கண்டத்தின் நடுவிலுள்ள அந்தக் கூட்டம் பெருகியே இருக்கிறது. மார்ச் மாதத்தில் நெப்ராஸ்காவின் பிளாட் ஆற்றங்கரையில் இறங்கும் கொக்குகளைச் சமீப ஆண்டுகளில் 7 லட்சத்துக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். (அந்த நெப்ராஸ்கா மட்டும் சமவெளியில் இன்றுவரை வேட்டையை அனுமதிக்கவில்லை. கொக்கைப் பார்க்க வருபவர்களால் அங்கே விடுதிகள் நிறைகின்றன.) ராக்கி மலைக் கூட்டம் இதைவிடச் சிறியது, சில பத்தாயிரம். அங்கே ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் கால எண்ணிக்கையையும், அதில் அந்த ஆண்டுக் குஞ்சுகள் எத்தனை பங்கு என்பதையும் வைத்து, எத்தனை உரிமம் தரலாம் என்று சூத்திரம் போட்டுக் கணக்கிடுகிறார்கள். குஞ்சு குறைந்த ஆண்டில் உரிமமும் குறையும். கூட்டம் நிலையாக இருக்கிறது.

கிழக்குக் கூட்டத்துக்கும் 2010இல் ஒரு மேலாண்மைத் திட்டம் வகுத்தார்கள். அதன்படி கென்டக்கி 2011இல் வேட்டையைத் தொடங்கியது, டென்னசி 2013இல், அலபாமா 2019இல். எல்லாம் உச்சவரம்பும் எண்ணிட்ட உரிமமும் கொண்ட சிறு வேட்டைகள். ஆக, முதல் கேள்விக்கு விடை: கவனமாக எண்ணி, கட்டுப்பாட்டோடு செய்தால் இனம் தாங்கும்.

ஒரே ஒரு பெரிய நிபந்தனை உண்டு. விஸ்கான்சினில் மற்றொரு கொக்கும் வாழ்கிறது: ஹூப்பிங் கொக்கு. 1941இல் உலகம் முழுவதும் சேர்த்து இருபத்துச் சொச்சம் பறவைகளாகச் சுருங்கிய இனம். 2001 முதல் விஸ்கான்சினின் நெசீடா சரணாலயத்தில் குஞ்சுகளை வளர்த்து, சிறு விமானத்தை முன்னே ஓட்டி ஃப்ளோரிடாவுக்கு வலசைப் பாதை பழக்கி, ஒரு கிழக்குக் கூட்டத்தை உண்டாக்கினார்கள். பல ஆண்டு உழைப்புக்கும் கோடிக்கணக்கான செலவுக்கும் பிறகும் இன்று அது 100க்குக் கீழேதான் இருக்கிறது. வளர்ந்த ஹூப்பிங் வெள்ளை, சாண்ட்ஹில் சாம்பல்; நல்ல வெளிச்சத்தில் குழப்பம் வராது. விடியற்கருக்கலில், பழுப்பேறிய இளம் பறவை என்றால் சொல்ல முடியாது. டென்னசியிலும் கென்டக்கியிலும் உரிமம் வாங்குபவர் பறவையை இனங்காணும் தேர்வு எழுத வேண்டும் என்று வைத்தது அதனால்தான். ஹூப்பிங் கூடு கட்டும் மாநிலத்திலேயே வேட்டை என்றால் இந்த ஆபத்தின் எடை இன்னும் கூடும்.

இரண்டாம் கேள்வி: பயிர் பிழைக்குமா?

இங்கே நாட்காட்டியைப் புரட்ட வேண்டும். 1916 ஒப்பந்தப்படி வலசைப் பறவைகளுக்கு மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டை கிடையாது. மாநிலம் நினைத்தாலும் மாற்ற முடியாது, இது நாடுகளுக்கிடையிலான உடன்பாடு. முளை விடும் மூன்று வாரமோ மே, ஜூன். வேட்டைப் பருவம் திறக்கும் நாளில் வயலில் ஆளுயர மக்காச்சோளம் நிற்கும், அல்லது அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும்; கொக்கு தின்பது சிந்திய மணியை. அதாவது சேதம் செய்யும் நேரத்தில் சுட முடியாது, சுடும் நேரத்தில் சேதம் இல்லை.

'இலையுதிர் காலத்தில் சுட்டால் வசந்தத்தில் குறைவாகத்தானே வரும்?' நியாயமான எதிர்க்கேள்வி. இதற்கு மூன்று மறுப்புகள் உண்டு.

முதலாவது, இலையுதிர் காலக் கூட்டத்தில் யார் யார் என்று தெரியாது. தெற்கே கிளம்பும் முன் விஸ்கான்சினில் கூடும் கூட்டத்தில் உள்ளூர்க் குடும்பங்களோடு வடக்கேயிருந்து வந்த பறவைகளும் கலந்திருக்கும். சுடப்பட்டது, மே மாதத்தில் அந்த வயலை மேய்ந்த பறவைதான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இரண்டாவது, காலியான இடம் காலியாக இருக்காது. விஸ்கான்சினின் பராபூ ஊரில் இயங்கும் பன்னாட்டுக் கொக்கு அறக்கட்டளையை 1973இல் ஜார்ஜ் ஆர்ச்சிபால்டும் ரான் சாவியும் தொடங்கினார்கள். அதன் ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்திலிருந்து பிரிக்ஸ்வில் என்ற ஊரைச் சுற்றிக் கொக்குகளின் காலில் நிற வளையம் மாட்டிப் பின்தொடர்கிறார்கள். நல்ல சதுப்புகள் எல்லாம் ஜோடிகளின் கையில் இருக்கின்றன. இடமில்லாத பறவைகள் வாய்ப்புக்காகச் சுற்றித் திரிகின்றன. எல்லைக்காரப் பறவை ஒன்று இறந்தால் அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிடுகிறது. அதே சதுப்பு, அதே வயல், அதே மே மாதம்.

மூன்றாவது, எண்ணிக்கையைச் சேதம் உணரும் அளவுக்குக் குறைக்க வேண்டுமென்றால் இப்போது பேசப்படும் சிறு உச்சவரம்பு போதாது. அந்த அளவுக்குச் சுட்டால் முதல் கேள்வியின் விடை மாறிவிடும். இனம் தாங்கும் வேட்டை பயிரைக் காக்காது. பயிரைக் காக்குமளவு வேட்டையை இனம் தாங்காது.

இது எங்கும் எப்போதும் பொருந்தும் விதி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் சாஸ்காட்சுவனில் 1960களில் கொக்கு வேட்டை தொடங்கியபோது பயிர்ச் சேதமே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே அதில் பொருளிருந்தது. அங்குள்ள சேதம் இலையுதிர் காலத்தில், அறுத்து வரிசையாகக் கிடத்திக் காயவிட்ட கோதுமையில். வேட்டைப் பருவமும் அப்போதுதான். வெடிச்சத்தமும் இரண்டொரு சாவும் கூட்டத்தை அந்த வயலிலிருந்து விரட்ட உதவும். அப்படியிருந்தும் அங்கே வேட்டையை மட்டும் நம்பவில்லை. லாஸ்ட் மவுன்டன் ஏரிப் பகுதியில் கொக்குகளுக்கென்றே பயிர் விட்டுவைத்து ஈர்த்தார்கள். ஒரே பறவை, ஒரே துப்பாக்கி; பயிர் எந்த மாதத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது.

விஸ்கான்சினில் மே மாதத்தில் சுட ஒரு வழி இப்போதும் இருக்கிறது. சேதம் உறுதியானால் கூட்டாட்சி அரசு உழவருக்குத் தனி அனுமதி தருகிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இப்படிச் சுடப்படுகின்றன. ஆனால் சுட்ட பறவையைச் சமைக்கக் கூடாது. வேட்டை ஆதரவாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி, 'எப்படியும் சாகிறது, வீணாகப் புதைப்பதைவிட வேட்டையாடித் தின்பது மேல் அல்லவா?' என்கிறார்கள். வீண் என்பது உண்மைதான். ஆனால் அது இந்த அனுமதியின் விதியைத் திருத்தச் சொல்லும் வாதம். இலையுதிர் காலத்தில் புதிதாக ஒரு வேட்டையைத் திறக்க அது காரணமாகாது.

துரத்தாமல் கற்பிப்பது

துரத்துவதன் குறை எல்லோருக்கும் தெரியும். வாயு வெடியின் சத்தத்துக்குக் கொக்கு சில நாளில் பழகிவிடும். பழகாவிட்டால் அடுத்தவர் வயலில் போய் இறங்கும். பிரச்சினை தீரவில்லை, வேலியைத் தாண்டியது, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் இந்தத் தலைவலியே பெரிதாக இல்லை. மண்ணிலுள்ள பூச்சிகளுக்காக விதையில் பூசிய லிண்டேன் கொக்கையும் விலக்கி வைத்தது. ஆனால் லிண்டேன் நரம்பு நஞ்சு. சூழலில் நெடுங்காலம் அழியாமல் தங்கும். 2006இல் அமெரிக்கா அதன் கடைசி வேளாண் பயன்பாடுகளையும் நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்ப வந்தது ஆந்த்ராகுவினோன்.

நாவுக்குப் பிடிக்காத காரமோ கசப்போ அல்ல அது. தின்ற பின் குடலைக் கலக்கும். பறவை சாவதில்லை, ஆனால் மறப்பதில்லை. இந்த வகைக் கற்றலை 1950களில் ஜான் கார்சியா எலிகளில் காட்டினார்: குறிப்பிட்ட சுவையுள்ள நீரைக் குடித்தபின் உடல்நலம் கெட்டால், எலி அந்தச் சுவையையே வெறுத்துவிடுகிறது, நோய் வரச் சற்று நேரம் ஆனாலும்கூட. 1971இல் வெளியான மற்றொரு சோதனை அதைப் பறவைக்கு நீட்டியது. நீலச் சாயமும் புளிப்பும் கலந்த நீரைக் குடிக்கவைத்து நோய் உண்டாக்கினால் எலி புளிப்பைத் தவிர்த்தது. காடையோ நீல நிறத்தைத் தவிர்த்தது. எலி நாவால் கற்கிறது, காடை கண்ணையே அதிகம் நம்பிக் கற்கிறது. பறவைகளின் கண்ணுக்குப் புற ஊதா ஒளியும் தெரியும். ஆந்த்ராகுவினோன் அந்த ஒளியை உறிஞ்சுவதால், பூசிய விதை பறவைக்கு வேறு மாதிரித் தோன்ற வாய்ப்புண்டு. எது உடம்புக்கு ஆகாது என்று கண்டுகொள்ள அதுவும் ஒரு குறி.

வயலில் கண்டது இதைவிடச் சுவையானது. விதை நேர்த்தி செய்த வயலைக் கொக்கு விட்டுப் போகவில்லை. விதையை மட்டும் விட்டுவிட்டு, போன ஆண்டு சிந்திய மணியையும் மண்ணிலுள்ள புழு பூச்சிகளையும் பொறுக்கியது. பறவை அங்கேயே இருக்கிறது, பயிரும் இருக்கிறது, பக்கத்து வயலுக்கும் பாரம் போகவில்லை. நீண்ட ஆயுளும் தனக்கென ஓர் எல்லையும் கொண்ட பறவையிடம் இந்த முறைக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. ஒரு வயலில் பாடம் கற்ற ஜோடி ஆண்டுதோறும் அதே இடத்துக்குத்தான் திரும்புகிறது. அதைச் சுட்டுவிட்டால் அந்த இடத்துக்கு வருவது பாடம் கற்காத புதுப் பறவையாக இருக்கலாம்.

குறை என்ன? செலவு. ஏக்கருக்குச் சுமார் 10 டாலர். நூற்றுக்கணக்கான ஏக்கர் விதைப்பவருக்கு அது ஆயிரங்களில் போகும். ஒவ்வோர் ஆண்டும், சேதம் வருமா வராதா என்று தெரியும் முன்பே செலவழிக்க வேண்டும். உருளைக்கிழங்கு போன்ற பயிர்களில் இந்த விதை நேர்த்தி உதவுவதுமில்லை.

ஊட்டினால் என்ன ஆகும்

சுடுவதும் வேண்டாம், விதைக்குப் பூசுவதும் வேண்டாம், வேறிடத்தில் தீனி போடலாமே என்று கேட்கலாம். இஸ்ரேல் அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 1950களில் வடித்த ஹூலா ஏரியின் ஒரு பகுதியில் 1994இல் மீண்டும் நீர் தேக்கினார்கள். ஐரோப்பாவின் 'சாதாரணக் கொக்கு' இனப் பறவைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கத் தொடங்கின. நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் சேதமாயின. உழவர்களும் இயற்கைப் பாதுகாவலர்களும் சேர்ந்து ஓரிடத்தில் டன் கணக்கில் மக்காச்சோளம் கொட்டினார்கள். வயல்கள் தப்பின, பயணிகள் குவிந்தார்கள், சில ஆயிரமாக இருந்த கொக்குகள் 30,000ஐத் தாண்டின. 2021 டிசம்பரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நெருக்கியடித்து ஒரே இடத்தில் தின்ற கூட்டத்தில் 5,000க்கு மேல் செத்து நீரில் மிதந்தன. எண்ணிக்கையும் நெருக்கமும் சேர்ந்தால் வரும் விலை அது.

ஸ்வீடன் இன்னும் சிக்கனமான ஒரு வழியைக் கண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1979 பறவைகள் நெறிமுறை சாதாரணக் கொக்கைச் சிறப்புப் பாதுகாப்பில் வைத்திருக்கிறது. வேட்டைப் பருவம் என்ற பேச்சுக்கே இடமில்லை, சேதம் தடுக்க மட்டும் விதிவிலக்கு உண்டு. எனவே ஆய்வாளர்கள் கொக்கின் நாளை நுணுக்கமாகப் பார்த்தார்கள். அறுவடை முடிந்த தாள் வயலைக் கொக்கு விரும்புகிறது, ஆனால் நாள் ஆக ஆக அந்த விருப்பம் குறைகிறது, ஏனென்றால் சிந்திய மணி தீர்கிறது. இதிலிருந்து கிடைக்கும் அறிவுரை எளிது: அறுத்ததும் உழுதுவிடாதே, சதுப்பின் பக்கம் தாளைச் சில வாரம் விட்டுவை. முற்றிய பயிருக்குப் போக வேண்டிய பசி அங்கேயே ஆறும்.

பணம் யாருடையது

விஸ்கான்சினுக்குத் திரும்புவோம். இத்தனைக்கும் பிறகு உழவர் அமைப்புகள் வேட்டையை ஏன் ஆதரிக்கின்றன? நாட்காட்டி தெரியாமலா? இல்லை. மாநிலத்தில் விலங்குச் சேத இழப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. மான், கரடி, வாத்து, வான்கோழி சேதம் செய்தால் அதிலிருந்து பணம் கிடைக்கும். அந்தப் பணம் வேட்டை உரிமங்களிலிருந்து வருவதால், வேட்டைப் பருவம் இல்லாத கொக்கு அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கட்டிய கயிறு இந்த நிதி விதிதான். உயிரியல் கட்டியதல்ல. உழவர் வேட்டையைக் கேட்பது பல நேரம் துப்பாக்கிக்காக அல்ல, பட்டியலில் இடம் பெறுவதற்காக. 2024இல் சட்டமன்றம் கொக்குக்கென்றே ஓர் ஆய்வுக் குழு அமைத்தபோதும் வேட்டையும் விதை நேர்த்திக்கான உதவியும் ஒரே முன்மொழிவில்தான் வந்தன.

வேட்டைக்காரர்கள் பக்கமும் ஒரு வலுவான வாதம் உண்டு. 1934 முதல் வாத்து வேட்டைக்கு வாங்கும் முத்திரைப் பணமும், 1937 சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கும் வரியும் அமெரிக்க ஈரநிலங்களை மீட்டதில் பெரும்பங்கு வகித்தன. கொக்கு இன்று கூடு கட்டும் சதுப்பு பலவற்றில் அந்தப் பணம் இருக்கிறது. 'நாங்கள் செலவழித்தோம், தாங்கும் இனத்தில் கொஞ்சம் எடுக்கிறோம்' என்பதில் நேர்மை உண்டு. எதிர்ப்பவர் பக்கமும் அதே நேர்மை உண்டு: ஓஜிப்வே மக்களுக்குக் கொக்கு ஒரு குலத்தின் பெயர், மாநிலத்தின் பலருக்கு அது வசந்தத்தின் குரல். அவர்கள் சுட வேண்டாம் என்று சொல்ல இனம் அழியும் என்று நிரூபிக்கத் தேவையில்லை. எதைத் தின்பது, எதை விட்டுவைப்பது என்பதை எந்தச் சமூகமும் கணித மாதிரியை வைத்து முடிவு செய்ததில்லை. அது விருப்பமும் மரபும் சார்ந்த வழக்கு. சட்டமன்றம் அதை அப்படியே எடுத்து வாக்கெடுப்புக்கு விடலாம்.

ஆனால் பயிர் வழக்கு வேறு. கொக்கு பொதுச் சொத்து. அதைப் பார்த்து மகிழ்வது மாநிலம் முழுவதும். செலவைச் சுமப்பது சதுப்போரத்துச் சிலர். விதை நேர்த்திக்கு ஏக்கருக்கு 10 டாலர் யார் தர வேண்டும் என்பதே அங்குள்ள உண்மையான கேள்வி. அதைத் தீர்க்க ஒரு கொக்கும் சாக வேண்டியதில்லை. வேட்டை உரிமப் பணத்தில்தான் இழப்பீடு என்ற விதி மனிதர் எழுதியது, திருத்தினால் போதும். கொக்கை விரும்புகிறோம் என்பவர்களிடமும் அப்போது உரக்கக் கேட்கலாம்: விருப்பத்துக்கு வரி கட்டத் தயாரா என்று. வேட்டை வேண்டும் என்பவர் வேட்டைக்காகவே வாதிடட்டும்; வெல்லவும் செய்யலாம். மே மாத முளையை மட்டும் அக்டோபர் துப்பாக்கிக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.